ஜீட்டாவா ஆல்ஃபாவா? ஏற்காட்டுத் தோட்டத்துக்கு ஒரு கியர் வண்டி

நாகலூருக்கு அப்பால் எங்கள் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி. ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதை. கோடையில் எந்த வண்டியும் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் செம்மண் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும். இருபது வருடத்துக்கு மேல் உழைத்த பழைய ஜீப்பை இந்த வருடம் கொடுத்துவிட்டார். "நீயே பார்த்துச் சொல்லு கண்ணு, எனக்கு ஃபோர் பை ஃபோர் வேணும், நாலு சக்கரமும் இழுக்கணும், கியர் வண்டியா இருக்கணும்" என்று பொறுப்பை என்னிடம் விட்டார்.

ஆட்டோமேட்டிக் வேண்டாம், கையால் கியர் மாற்றும் வண்டிதான் வேண்டும் என்று அவர் நிற்பதில் நியாயம் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு 1,500 மீட்டர். இறங்கும்போது இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினையே பிரேக்காக வைத்துக்கொள்வது அவருக்குக் கை பழகிய வேலை. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் வெளியூர் வண்டிகள் கருகிய வாடையோடு அடிவாரத்தில் ஓரம் கட்டி நிற்பதை மாதம் ஒருமுறையாவது பார்க்கிறோம்.

எந்த வண்டி என்பதைவிட எந்த வேரியன்ட் என்பதில்தான் எங்களுக்கு அதிக நாள் போனது. ஒரே வண்டி, ஒரே இன்ஜின், ஒரே கியர்பாக்ஸ், ஆனால் விலையில் லட்சக்கணக்கில் வித்தியாசம். அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று ஷோரூமில் யாரும் நிதானமாகச் சொல்வதில்லை. ஒரு ஷோரூமில் கீழ் வேரியன்டின் விலையைக் கேட்டதற்கே, "அது யாரும் எடுக்கிறதில்லை சார்" என்று பேச்சை முடித்துவிட்டார்கள்.

பட்டியலில் முதலில் இருந்தது ஃபோர்ஸ் கூர்க்கா. 2024-ல் வந்த புது கூர்க்காவில் 2.6 லிட்டர் டீசல், 140 குதிரைத்திறன், ஐந்து கியர். முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக் உண்டு, அதைப் போட்டால் ஒரு சக்கரம் வழுக்கினாலும் இரண்டும் சேர்ந்தே சுற்றும். வேரியன்ட் குழப்பமே கிடையாது, மூன்று கதவா ஐந்து கதவா என்பது மட்டும்தான் கேள்வி. காட்டுப் பாதைக்கு இதைவிட முரட்டு வண்டி இந்த விலையில் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் சித்தி முழங்கால் வலிக்காரர். அந்த உயரத்துக்குத் தினமும் ஏறி இறங்க அவரால் ஆகாது. அதோடு கூர்க்கா முடிந்தது. மிஞ்சியவை மாருதி சுஸுகி ஜிம்னியும் மஹிந்திரா தார் ராக்ஸும்.

ஜிம்னி 2023 ஜூனில் வந்தபோது கியர் வண்டியில் கீழ் வேரியன்ட் ஜீட்டா 12.74 லட்சம், மேல் வேரியன்ட் ஆல்ஃபா 13.69 லட்சம், இரண்டுமே ஷோரூம் விலை. வித்தியாசம் 95,000 ரூபாய். அதோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு ஆயுள் வரி 18 சதவீதம். ஆக 95,000 என்பது வரியோடு 1,12,100 ரூபாய், இன்சூரன்ஸ் அதற்கு மேல். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபின் ஷோரூம் விலைகள் குறைந்திருக்கின்றன. ஆனால் கணக்குப் போடும் முறை அதேதான்.

சரி, அந்த ஒரு லட்சத்துச் சொச்சத்துக்கு என்ன கிடைக்காது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மலை ஏறும் திறமை ஒரு இம்மிகூடக் கூடாது. 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 105 குதிரைத்திறன், 134 நியூட்டன் மீட்டர் இழுவை இரண்டிலும் ஒன்றே. ஏணி வடிவ அடிச்சட்டம், முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், 210 மி.மீ. தரை இடைவெளி, 195/80 ஆர்15 டயர், எல்லாம் ஒன்றே. 4எல் (நான்கு சக்கர இழுவை, மெதுவான கியர்) போடும் தனி லீவரும் இரண்டிலும் இருக்கிறது. ஒரு சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்றினால் அதைப் பிரேக் பிடித்து மற்ற சக்கரத்துக்கு இழுவை அனுப்பும் ஏற்பாடும் ஜீட்டாவிலேயே உண்டு. ஆறு ஏர்பேக், வண்டி வழுக்கித் திரும்பாமல் பிடிக்கும் ஈஎஸ்பி, மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு, ரிவர்ஸ் கேமரா, பின் வைப்பர், இவை எதற்கும் மேல் வேரியன்ட் போக வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் ஜிம்னியை மனசாரப் பாராட்டுகிறேன். உயிருக்கும் ஏற்றத்துக்கும் தேவையானதை மேல் வேரியன்டில் ஒளித்து வைக்கவில்லை.

ஆல்ஃபாவில் கூடுதலாக வருவது 9 இன்ச் திரை (ஜீட்டாவில் 7 இன்ச்), அலாய் வீல், தானாக இயங்கும் ஏசி, வைத்த வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் க்ரூஸ் கன்ட்ரோல், பட்டன் ஸ்டார்ட், தோல் சுற்றிய ஸ்டியரிங், மின்சாரத்தில் மடங்கும் கண்ணாடிகள். அப்புறம் எல்ஈடி ஹெட்லைட், அதைக் கழுவும் வாஷர், பனிமூட்ட விளக்கு.

இந்தப் பட்டியலை நான் ஒரே கேள்வியால் சலித்தேன்: இதைப் பின்னால் வெளியில் போட்டுக்கொள்ள முடியுமா?

திரையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சித்தப்பாவுக்கு வேண்டியது பாட்டும் போன் பேச்சும்தான், 7 இன்ச்சே தாராளம். க்ரூஸ் கன்ட்ரோலை வெளியில் போட முடியாதுதான், ஆனால் கோயம்புத்தூர், பெங்களூரு என்று நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு அது ஆகும். நாகலூரிலிருந்து ஏற்காடு ஒண்டிக்கடை வரைக்கும் போய் வருகிறவர் அந்தப் பட்டனைத் தொடப்போவதே இல்லை.

அலாய் வீலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்துத்தான் மேல் வேரியன்டுக்குப் போகிறார்கள். மண் பாதைக்கு இரும்பு வீல்தான் நல்லது. கல்லில் மோதினால் இரும்பு வளையும், பட்டறையில் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டு வீடு வந்து சேரலாம். அலாய் விரிசல் விட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். இரும்பு வீலிலும் ட்யூப்லெஸ் டயர்தான் இருக்கிறது. ஆக, இந்த இடத்தில் ஜீட்டா கீழே நிற்கவில்லை, மேலேயே நிற்கிறது.

இதுவரை என் மனசு முழுக்க ஜீட்டா பக்கம்தான். மிச்சமாகும் பணத்தில் மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான நல்ல ஏடி டயர் நான்கு போட்டுவிட்டால் கார்த்திகை மழையிலும் மண் பாதையில் கவலையில்லை என்று சித்தப்பாவிடம் சொல்லியும்விட்டேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "லைட் எப்படி?" என்றார்.

ஏற்காட்டில் குளிர்காலச் சாயங்காலம் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். ஐந்தரை, ஆறு மணிக்கு மேகம் ரோட்டில் இறங்கி உட்கார்ந்துவிடும். போன நவம்பரில் சித்தப்பாவோடு பழைய ஜீப்பில் சேலத்திலிருந்து ஏறினேன். பாதி வளைவு தாண்டியதும் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஹெட்லைட்டை டிம்மில் வைத்தாலும் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு எங்கள் கண்ணுக்கே திரும்பி வந்தது. சித்தப்பா பம்பருக்குக் கீழே கட்டியிருந்த இரண்டு விளக்கை மட்டும் போட்டார். ரோட்டோர வெள்ளைக் கோடு தெரிந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நடக்கிற வேகத்தில் வீடு சேர்ந்தோம்.

பனிமூட்ட விளக்கின் சூட்சுமம் அவ்வளவுதான். வெளிச்சத்தின் நிறத்தைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஓட்டுநரின் பார்வைக் கோட்டுக்கு வெகு கீழே இருந்து, மேலே எழும்பாமல், அகலமாகத் தரையை ஒட்டி அடித்தால் மூட்டத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணுக்கு வராது. எவ்வளவு பிரகாசமான எல்ஈடி ஹெட்லைட்டும் இந்த வேலையைச் செய்யாது. ஆனால் மூட்டம் இல்லாத இரவில், வளைவின் உள்பக்கம் காட்டெருமை நிற்கிறதா என்று பார்க்க எல்ஈடி பெரிய உதவி. ஜீட்டாவில் ஹெட்லைட் ஹாலோஜன், பனிமூட்ட விளக்கு இல்லை. ஆல்ஃபாவில் இரண்டும் உண்டு.

வெளியில் போட்டுக்கொள்ள முடியாதா? முடியும். ஆனால் புது வண்டியின் ஒயரை வெட்டி ஒட்டினால், நாளைக்கு மின்சாரக் கோளாறு வரும்போது வாரன்டி பேச்சு வரும். ஹாலோஜனுக்காகச் செய்த ஹெட்லைட் கூட்டில் கடையில் வாங்கிய எல்ஈடி பல்பை மாட்டுவது அதைவிட மோசம். வெளிச்சம் கண்டபடி சிதறி எதிரே ஏறி வருகிறவரின் கண்ணைக் கூசவைக்கும். மலைப்பாதையில் அதைச் செய்யவே கூடாது. என் சல்லடையில் கடைசியாகத் தங்கியது விளக்கு மட்டும்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்ததை நினைத்தால், இருட்டில் முன்னால் என்ன கிடக்கிறது என்று தெரிவது ஒரு லட்சத்துக்குக் குறைந்த விஷயமில்லை.

அதனால் ஜிம்னியில் என் தீர்ப்பு இதுதான். மலையில் குடியிருந்து இரவில் ஓட்டுகிறவர் ஆல்ஃபா எடுக்கட்டும். சேலத்தில் அஸ்தம்பட்டியிலோ அழகாபுரத்திலோ இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை ஏறி வெளிச்சத்தோடு இறங்குகிறவர் ஜீட்டாவும் நல்ல டயரும் எடுக்கட்டும், ஒரு குறையும் இருக்காது.

இதே சல்லடையை ராக்ஸில் போட்டபோது தீர்ப்பு தலைகீழாக வந்தது. ராக்ஸில் ஃபோர் பை ஃபோர் டீசலில் மட்டும்தான். அதிலும் கியர் வண்டி வேண்டுமென்றால் எம்எக்ஸ்5 அல்லது ஏஎக்ஸ்7எல், நடுவில் இருக்கும் ஏஎக்ஸ்5எல் ஆட்டோமேட்டிக்கில்தான் ஃபோர் பை ஃபோர் தருகிறது. 2024-ல் அறிவித்த விலை எம்எக்ஸ்5 18.79 லட்சம், ஏஎக்ஸ்7எல் 20.99 லட்சம். இங்கேதான் வரியைக் கவனிக்க வேண்டும். 20 லட்சத்தைத் தாண்டினால் ஆயுள் வரி 18-லிருந்து 20 சதவீதமாகிறது, அதுவும் மொத்த விலைக்கும். அந்த விலையில் எம்எக்ஸ்5-க்கு வரி சுமார் 3.38 லட்சம், ஏஎக்ஸ்7எல்-க்கு 4.20 லட்சம். 2.20 லட்சம் வித்தியாசம் என்று நினைத்துப் போனால் கையிலிருந்து 3 லட்சத்துக்கு மேல் போகும். இப்போது விலை இறங்கியிருப்பதால், உங்கள் கொட்டேஷன் 20 லட்சத்துக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

கூடுதல் பணத்துக்கு ஏஎக்ஸ்7எல் தருவது பெரிய கண்ணாடிக் கூரை, காற்று வரும் சீட், உயர்ந்த ஸ்பீக்கர், சுற்றிலும் கேமரா, ரோட்டுக் கோட்டைக் கேமராவில் பார்த்து எச்சரிக்கும் ஏடாஸ். சுற்றுக் கேமரா தோட்டத்துப் பாதையில் நிஜமாகவே உதவும், அதை மறுக்கவில்லை. ஏடாஸ் கேமராவோ நம்மைப் போலவேதான், மூட்டத்தில் அதற்கும் ஒன்றும் தெரியாது. இன்னொரு பக்கம், மேல் வேரியன்ட் எடுத்தால் மண் பாதைக்கான குணம் கொஞ்சம் குறைகிறது. எம்எக்ஸ்5-ல் 255/65 ஆர்18 டயர், ஏஎக்ஸ்7எல்-ல் 255/60 ஆர்19. டயரின் பக்கச் சுவர் 166 மி.மீ.யிலிருந்து 153-ஆகக் குறைகிறது. கல்லில் இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்தப் பக்கச் சுவர்தான். பின் டிஃபரன்ஷியல் லாக் எம்எக்ஸ்5 ஃபோர் பை ஃபோரிலேயே வந்துவிடுகிறது. ராக்ஸ் என்றால் எம்எக்ஸ்5, எனக்கு இதில் இரண்டாவது யோசனை இல்லை.

ஆக எங்கள் கையில் இருந்தது ஜிம்னி ஆல்ஃபாவும் ராக்ஸ் எம்எக்ஸ்5-ம். பலம் என்று பார்த்தால் போட்டியே கிடையாது. 1,500 மீட்டர் உயரத்தில் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் தன் பலத்தில் ஏறக்குறைய 15 சதவீதத்தை இழக்கும், டர்போ டீசலுக்கு அந்தக் கஷ்டம் அவ்வளவு இல்லை. நான்கு பேரோடு ஜிம்னியில் ஏறினால் கூர்மையான வளைவுகளில் முதல் கியருக்கு இறங்கத் தயங்கக் கூடாது. பின்னால் சாமான் வைக்கும் இடமும் ஜிம்னியில் சின்னது, உர மூட்டை ஏற்ற பின் சீட்டை மடக்க வேண்டும். பாரத் என்கேப் மோதல் சோதனையில் ராக்ஸ் 2024-லேயே 5 நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. நான் ராக்ஸ் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தேன்.

சித்தப்பா ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு பாதைக்கு இறங்கினார். ராக்ஸின் அகலம் 1,870 மி.மீ., ஜிம்னி 1,645. பாதையின் நடுவில் ஓடைமேல் ஒரு பழைய கல்பாலம் இருக்கிறது, அதை அகலப்படுத்தினால் பக்கத்துத் தோட்டத்து வரப்பு போய்விடும். பாலத்தைத் தாண்டியதும் ஒரு கூர்மையான திருப்பம். 2,850 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களின் இடைவெளி) வைத்த ராக்ஸை அங்கே ரிவர்ஸ் போட்டுத்தான் திருப்ப வேண்டும், 2,590 வைத்த ஜிம்னி ஒரே மூச்சில் திரும்பிவிடும். மழையில் அந்த இடத்தில் ரிவர்ஸ் எடுப்பது எப்படியென்று எனக்கும் தெரியும். அதற்கு மேல் நான் பேசவில்லை.

ஆல்ஃபா, கியர் வண்டி, ஒற்றை நிறம் என்று புக் செய்தோம். புக்கிங் படிவத்தில் வேரியன்ட் பெயரையும் மேனுவல் என்பதையும் எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுத்தோம். வண்டி வந்ததும் பதிவுக்கு முன் சேசிஸ் எண்ணை வைத்துத் தயாரித்த மாதத்தைப் பார்க்க வேண்டும் என்று சித்தப்பாவின் டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். இன்னொன்றையும் அவருக்குச் சொல்லியாக வேண்டும். பழைய ஜீப்பில் எப்படியோ, இதில் காய்ந்த தார் ரோட்டில் 4எச் (நான்கு சக்கர இழுவை, சாதாரண கியர்) போட்டு வளைவுகளில் திருப்பக் கூடாது. முன், பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாததால் அவை ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். அடிவாரத்திலிருந்து வீட்டுப் பாதை வரைக்கும் 2எச் (பின் சக்கர இழுவை மட்டும்), மண்ணில் இறங்கிய பிறகு 4எச், பாலத்துத் திருப்பத்தில் சேறு ஏறியிருந்தால் வண்டியை நிறுத்தி நியூட்ரல் செய்து 4எல்.