ஒரு நாள் சான்றிதழா, தொடர் கண்காணிப்பா? குழந்தைகளுடன் பணிபுரிவோரின் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு

குழந்தைகளோடு பழகும் பணியில் ஒருவரைச் சேர்க்குமுன் அவரது குற்றப் பின்னணியை அறிய நாடுகள் கையாளும் முறைகளைப் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். குறிப்பிட்ட ஒரு நாளில் ஆவணங்களில் உள்ளதை எடுத்துத் தருவது சான்றிதழ் முறை. சில ஆண்டுகளுக்கு அனுமதி வழங்கி, அக்காலம் முழுவதும் புதிய வழக்குகள் சேர்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருப்பது கண்காணிப்பு முறை.

முதல் வகைக்கு எளிய எடுத்துக்காட்டு ஜெர்மனி. 2010 முதல் அங்கு வழங்கப்படும் விரிவான நன்னடத்தைச் சான்றில், சாதாரணச் சான்றில் இடம்பெறாத சிறிய தண்டனைகளும் அவை பாலியல் குற்றங்களுக்கு உரியவையாயின் இடம்பெறுகின்றன. ஆயினும் தண்டனையில் முடிந்தவை மட்டுமே அதில் ஏறும். புகார் அளவில் நின்றுபோனவை வெளித் தெரியமாட்டா.

இந்த இடைவெளி எத்தனை ஆபத்தானது என்பதை இங்கிலாந்து 2002-இல் சோஹம் என்ற ஊரில் கண்டது. பத்து வயதுச் சிறுமியர் இருவரைக் கொன்ற பள்ளிப் பராமரிப்புப் பணியாளர் மீது வேறொரு வட்டாரத்தில் முன்னரே பாலியல் புகார்கள் பல இருந்தும், எதிலும் தண்டனை பெறாததால் அவர் வேலையில் சேர முடிந்தது. காவல்துறை தகவல்களைப் பேணிய விதத்திலும் பகிர்ந்த விதத்திலும் இருந்த குறைகளை 2004-இல் பிச்சர்டு விசாரணை அறிக்கை வெளிப்படுத்தியது. இன்று அங்கு வழங்கப்படும் உயர்நிலைச் சான்றில், தண்டனைகளோடு, பொருத்தமானவை எனக் காவல்துறைத் தலைமை கருதும் பிற தகவல்களும் சேர்க்கப்படலாம். குழந்தைகளுடன் பணிபுரியத் தடைசெய்யப்பட்டோர் பட்டியலும் பார்க்கப்படுகிறது. நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு ஒருவரது பிழைப்பைக் கெடுக்கக்கூடும் என்ற மறுப்பு நியாயமானதே. எனினும் அத்தகவலை எதிர்த்து முறையிட வழி இருப்பதால், இந்த ஆழத்தை நான் ஏற்கிறேன்.

ஆனால் ஆழமான சான்றிதழும் அச்சான அன்றே பழையதாகிவிடுகிறது. இங்கிலாந்துச் சான்றுக்கு காலாவதித் தேதியே இல்லை. சான்று வழங்கிய பின் புதிய தகவல் சேர்ந்ததா என்று பார்க்க 2013-இல் வந்த புதுப்பிப்புச் சேவை இக்குறையை ஓரளவே போக்குகிறது. ஏனெனில் பணியாளர் தாமே முன்வந்து அதில் சேர வேண்டும், நிறுவனமும் தானே சென்று பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதை வேறு விதமாக அணுகுகிறது. அங்கு அனுமதி ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். இடையில் கடுமையான குற்றச்சாட்டு பதிவானால் அரசே அனுமதியை நிறுத்தி, நிறுவனத்துக்கும் தெரிவிக்கும். இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. குற்றப் பதிவின் விவரம் நிறுவனத்தின் கைக்கு வருவதே இல்லை. அனுமதி உண்டா, தடையா என்பது மட்டுமே வரும். இங்கிலாந்தில், இருபது ஆண்டுகளுக்கு முந்தைய அடிதடி வழக்கை எப்படி எடைபோடுவது என்று ஒரு சிறு விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் திகைக்க நேரலாம். நியூ சவுத் வேல்ஸில் அந்தச் சுமை பயிற்சி பெற்ற அதிகாரிகளுடையது. பணியாளரின் அந்தரங்கமும் காக்கப்படுகிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடுவது மட்டும் இம்முறையின் பழைய நோய். நிறுவனங்களில் நடந்த குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகளை விசாரித்த அரச ஆணையம் 2015-இலேயே நாடு தழுவிய பொதுத் தரம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

பெயரை வைத்துத் தேடுவதா, கைரேகையை வைத்தா என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. பெயர் மாறும், எழுத்து பிசகும், ஒரே பெயரில் பலர் இருப்பர். வசதி இருக்கும் இடத்தில் கைரேகையே மேல்.

மொத்தத்தில் என் தேர்வு கண்காணிப்பு முறைதான். ஆனால் எந்த முறையும் பதிவானதைத்தான் காட்டும். ஒருபோதும் பிடிபடாதவர் இரண்டிலும் தேறிவிடுவார். ஆகவே முந்தைய பணியிடத்தைத் தொலைபேசியில் அழைத்து, இவரை மீண்டும் குழந்தைகளிடம் விடுவீர்களா என்று நேராகக் கேட்பதை எந்தச் சான்றும் தேவையற்றதாக்கிவிடாது. சான்றிதழ் முறை மட்டுமே உள்ள இடங்களில், குறித்த இடைவெளியில் புதிய சான்று தர வேண்டும் என்றும், கைதானாலோ வழக்குப் பதிவானாலோ உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் பணி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது நிறுவனங்களால் இன்றே செய்யக்கூடியது.