ஆர்த்தோ ஆன்லைன் சிஎம்இ: லாக்டவுன்ல ஆரம்பிச்சது, இன்னும் விடல

தர்மபுரியில எலும்பு டாக்டரா இருக்கேன். முன்னாடி ஒரு சிஎம்இ, அதாவது டாக்டருங்க படிப்பை புதுப்பிச்சுக்கிற வகுப்பு, அட்டெண்ட் பண்ணணும்னா கோயம்புத்தூர், இல்லன்னா பெங்களூர், ஞாயித்துக்கிழமை முழுசா போயிடும், அன்னிக்குன்னு பாத்து தொப்பூர் கணவாய்ல லாரி கவுந்துச்சுன்னா வர்ற கேஸை பாக்க ஆள் இருக்காது. 2020 லாக்டவுன்ல ஆன்லைனுக்கு வந்தேன்.

நான் அதிகமா தொறக்கிறது ஏஓ சர்ஜரி ரெஃபரன்ஸ்ங்கிற எலும்பு முறிவு ஆபரேஷன் வெப்சைட் தான். காசு கிடையாது. எலும்பு படத்துல இடத்தை தொட்டா எந்த மாதிரி முறிவு, எந்த வழியா தொறக்கணும், எப்படி சேக்கணும், எப்ப கால் ஊன விடணும்னு வரிசையா வந்துடும். ஒரு பைக் ஆக்சிடெண்ட் கேஸ், முட்டிக்கு கீழ டிபியல் பிளாட்டோ, அதாவது கால் எலும்போட மேல்தட்டு முறிவு, எக்ஸ்ரேல பெருசா தெரியல, சிடி எடுத்தா பின்னாடி உள்பக்கமா ஒரு துண்டு தனியா இறங்கி நிக்குது. வழக்கம்போல வெளிப்பக்கம் பிளேட் வச்சா அந்த துண்டு பிடிபடாது. ராத்திரி உக்காந்து போஸ்டிரோமீடியல் அப்ரோச்சை, அதாவது பின்னாடி உள்பக்கமா தொறக்கிற வழியை, ரெண்டு தடவை படிச்சேன். காலையில குப்புற படுக்க வச்சு, கெண்டைத்தசையோட உள்தலையை வெளிப்பக்கமா ஒதுக்கினா நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் அதுக்கு பின்னாடி பத்திரமா போயிடுது, துண்டு கண்ணு முன்னாடி நிக்குது. படிக்காம போயிருந்தா அந்த முட்டியை கோணலா தான் அனுப்பிருப்பேன்.

ஆனா வெளிநாட்டு கிளாஸ்ல எல்லாம் முறிவு அன்னிக்கே வந்துடுது. நமக்கு அப்படியா வருது? நாட்டுக்கட்டு போட்டு மூணு வாரம் கழிச்சு, எலும்பு கோணலா சேந்தப்புறம் தான் வர்றாங்க. அதுக்கு நம்மூர் டாக்டர்கள் எடுக்கிற வெபினார் தான் சரி. ஆர்த்தோடிவிங்கிற ஆன்லைன் வீடியோ தளத்துல அந்த மாதிரி நெறைய இருக்கு, அதுவும் ஃப்ரீ. கால் நசுங்கி, தோல் கிழிஞ்சு கால் எலும்பு முறிஞ்ச ஓப்பன் டிபியா வந்தா, காயம் எவ்ளோ மோசம்னு மார்க் போடற கங்கா ஹாஸ்பிடல் ஸ்கோர் போட்டு பாப்பேன், 14 வரைக்கும் காலை காப்பாத்த பாக்கலாம், 17, அதுக்கு மேலன்னா காலை எடுக்கிறதை பத்தி பேசணும், நடுவுல வர்றதை ஆளை பாத்து முடிவு பண்ணணும். வெளிய நிக்கிற சொந்தக்காரங்ககிட்ட பேசறதுக்கு முன்னாடி மனசுல ஒரு கணக்கு இருக்கணும்ல.

முழங்கை முறிஞ்ச கொழந்தைக்கு கட்டு இறுகி கையே சுருங்கிப் போறதை பத்தி ஒரு செஷன் பாத்துட்டு எனக்கு தூக்கமே வரல. அடுத்த நாள்ல இருந்து நான் கட்டு போடற கொழந்தைங்களோட அம்மா எல்லார்கிட்டயும் சொல்றேன், "விரலை லேசா நீட்டி விட்டு பாரும்மா, புள்ள கதறுச்சுன்னா விடியட்டும்னு இருக்காத, உடனே தூக்கிட்டு வந்துடு". சின்ன வார்த்தை தான், ஆனா கை தப்பிக்கும்.

ஒரு தடவை ஏமாந்தேன். காசு கட்டின ஒரு கோர்ஸ், வீடியோ பாதியில நின்னுடும், முடிச்சா கலர் சர்டிஃபிகேட் வந்துச்சு, அதுல மெடிக்கல் கவுன்சில் கிரெடிட், அதாவது கவுன்சில் கணக்குல சேர்ற வகுப்பு நேரம், கிடையாது. அஞ்சு வருஷத்துக்கு 30 கிரெடிட் ஹவர் நமக்கு வேணும், அதனால கட்டறதுக்கு முன்னாடி கவுன்சில் அப்ரூவல் இருக்கான்னு கேட்டுடுங்க.

டிரில் பண்றப்ப அந்தப் பக்க எலும்பை தாண்டற ஃபீல் மட்டும் ஸ்க்ரீன்ல வராது. அதுக்கு வருஷத்துக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இன்னும் போயிட்டு தான் இருக்கேன்.