கயாக்கில் அந்தி உலா: எல்க்ஹார்ன் ஸ்லூவா, மான்டெரேயா, டொமாலெஸா?

வட கலிஃபோர்னியாவில் வழிகாட்டியுடன் மாலை நேரக் கயாக் பயணம் போய், சூரியன் மறைவதையும் கடலோர விலங்குகளையும் ஒருசேரப் பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களுக்கு இடையே தடுமாறுகிறார்கள்: மாஸ் லேண்டிங்கில் உள்ள எல்க்ஹார்ன் ஸ்லூ, மான்டெரேயின் கேனரி ரோ கடற்கரை, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே டொமாலெஸ் விரிகுடா. விளம்பரப் படங்களில் மூன்றும் ஒன்றுபோலவே மின்னுகின்றன. முதன்முறை போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது எல்க்ஹார்ன் ஸ்லூ.

மான்டெரேயில் கயாக்குக்கு அடியிலேயே கெல்ப் பாசிக் காடு விரிகிறது. அலையில் அடித்துச் செல்லப்படாமல் இருக்கக் கடல் நீர்நாய்கள் அந்தப் பாசியை உடம்பில் சுற்றிக்கொண்டு மல்லாந்து தூங்கும். படகுத்துறைத் தடுப்புச் சுவரில் கடற்சிங்கங்கள் ஓயாமல் குரைக்கும். இவ்வளவு இருந்தும் மாலைக்கு இது பொருந்தாத இடம். கேனரி ரோ வடகிழக்கு நோக்கிய கரை. சூரியன் முதுகுக்குப் பின்னால், ஊருக்கு அப்பால் இறங்கிவிடும். பிற்பகலில் காற்றும் வலுக்கும். மான்டெரேக்குக் காலையில் போங்கள், தண்ணீர் தெளிவாக இருக்கும்.

எல்க்ஹார்ன் ஸ்லூ கடலிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் உள்ளே நுழையும் உப்பங்கழி. அலை இல்லை, ஆனால் ஓதம் உண்டு, அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி வடியும். துறைமுகத்திலிருந்து கிளம்பிக் கிழக்கே துடுப்புப் போட்டுவிட்டுத் திரும்பும்போது மேற்கு வானம் நேர் எதிரே இருக்கும். கூழைக்கடாக்கள், வெண்கொக்குகள், சேற்றுத் திட்டில் படுத்திருக்கும் கடல்நாய்கள் (சீல்) என்று பார்க்க நிறைய உண்டு. இருந்தாலும் மக்கள் இங்கே வருவது கடல் நீர்நாய்களுக்காகத்தான். நூற்றுக்கும் மேற்பட்டவை இந்தச் சிறிய கழியில் வாழ்கின்றன.

அவை இங்கே இருப்பதே ஒரு மீட்புக் கதை. தோலுக்காக வேட்டையாடிக் கலிஃபோர்னியாவில் அழித்துவிட்டதாகவே கருதப்பட்ட இந்த விலங்கில் சுமார் 50 மட்டும் மான்டெரேக்குத் தெற்கே பிக் சர் கரையோரம் பிழைத்திருப்பது 1938இல் வெளியே தெரியவந்தது. பின்னாளில் மான்டெரே விரிகுடா மீன் காட்சியகம், தாயைப் பிரிந்த குட்டிகளை வளர்ப்புத் தாய்களிடம் விட்டு வளர்த்து இந்தக் கழியில் விடத் தொடங்கியது. இங்கே பெருகிய எண்ணிக்கையில் பாதிக்கும் மேல் அந்தக் குட்டிகளும் அவற்றின் வாரிசுகளும்தான் என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. நீர்நாய் நண்டைத் தின்கிறது, நண்டு குறைந்ததால் ஓடில்லாத கடல் நத்தைகள் பிழைக்கின்றன, அவை கடற்புல்லின் மேல் படியும் பாசியை மேய்ந்துவிடுகின்றன, புல் தழைக்கிறது. நீங்கள் துடுப்புப் போடும் கழியின் நலமே அவற்றின் வயிற்றுப் பசியால் நடக்கிறது.

அதனால்தான் வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். திமிங்கிலத்துக்கும் கடல்நாய்க்கும் இருப்பதுபோல் நீர்நாய்க்குத் தோலடிக் கொழுப்பு கிடையாது. அடர்ந்த மயிரும் ஓயாத தீனியும்தான் அதைக் குளிரிலிருந்து காக்கின்றன. தன் எடையில் கால் பங்கு அளவுக்கு அது தினமும் தின்றாக வேண்டும். ஒவ்வொரு முறை ஒரு கயாக் அதை விரட்டும்போதும் அந்தக் கணக்கில் ஓட்டை விழுகிறது. குறைந்தது 60 அடி, அதாவது ஐந்து கயாக் நீளம் தள்ளி நிற்க வேண்டும். தொந்தரவு செய்வது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். முன்பதிவு செய்யும்போதே "எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள்?" என்று கேளுங்கள். "மிக அருகில் கூட்டிப்போவோம்" என்று பெருமையாகப் பதில் வந்தால் வேறு நிறுவனம் பாருங்கள். விலை வித்தியாசத்தை இதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த கேள்வி ஓதம். இந்தக் கரையில் கோடையின் மிகத் தாழ்ந்த வற்றம் அதிகாலையில் வரும், குளிர்காலத்தில் பிற்பகலில் வரும். நவம்பர் முதல் ஜனவரி வரை மாலையில் சேற்றுத் திட்டுகள் வெளிப்பட்டு அலகு நீண்ட கரைப்பறவைகள் கூட்டமாக மேயும். கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் வடியும் நீர் துறைமுக வாய் பக்கம் பலமாக இழுக்கும். புதியவர்களுக்கு நீர் ஏறி நிற்கும் மாலைதான் நல்லது. ஜூன், ஜூலையில் மூடுபனி பல நாள் சூரியனை விழுங்கிவிடும். செப்டம்பர், அக்டோபரே என் தேர்வு.

டொமாலெஸ் வேறு ரகம். சான் ஆண்ட்ரியாஸ் என்னும் நிலநடுக்கப் பிளவின் மேல் கிடக்கும் ஒடுங்கிய நீண்ட விரிகுடா அது. கடல் நீர்நாயை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அவற்றின் வழக்கமான எல்லை தெற்கேயே முடிந்துவிடுகிறது. கடல்நாய்கள் உண்டு. மேற்குக் கரை முனையில், 1978இல் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட எல்க் மான்கள் மேய்கின்றன. மார்ஷல் பக்கமிருந்து கிளம்பினால் சூரியன் எதிர்க்கரை மலைமுகட்டுக்குப் பின்னே சீக்கிரமே மறையும். ஆனால் இருட்டிய பின்தான் இந்த இடத்தின் சிறப்பே தொடங்குகிறது. கோடைக் கடைசியிலிருந்து இலையுதிர் காலம் வரை, நிலவில்லாத இரவுகளில், நுண்ணுயிர்கள் துடுப்புப் பட்ட இடமெல்லாம் நீலமாக ஒளிர்கின்றன. பௌர்ணமியை ஒட்டிப் பதிவு செய்தால் பணம் வீண். இருட்டில் துடுப்புப் போடத் தயங்குகிறவர்கள் இதை இரண்டாம் பயணமாக வைத்துக்கொள்ளலாம்.

எங்கே போனாலும் தண்ணீர் குளிர்ந்துதான் இருக்கும். பருத்திச் சட்டை, ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்து, அவர்களுக்குக் கயாக்கில் கால் நீட்டி உட்கார முடியாது என்றால், எல்க்ஹார்ன் ஸ்லூவில் மேடை போன்ற தட்டையான மோட்டார் படகிலும் வழிகாட்டியுடன் போகலாம். பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தபடி அதே நீர்நாய்களைப் பார்க்கலாம். நேரத்தை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.