ஏர் சஸ்பென்ஷன் கசிவு: கம்ப்ரஸரில் கை வைக்கும் முன்

பழைய ஜெர்மன் எஸ்யூவி ஒன்றைக் கோவையில் சில வருடங்களாக ஓட்டி வருகிறேன். நான்கு மூலையிலும் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைதான். குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினாலும் வண்டியின் பின்பக்கம் தாழாது. எஸ்டேட் ரோட்டில் கல்லும் பள்ளமுமாக வந்தால் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், வண்டி எழுந்து நிற்கும். அந்தச் சுகத்துக்காகவே இதை வைத்திருக்கிறேன், இனியும் வைத்திருப்பேன். ஆனால் பத்து வயதை நெருங்கும் ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் கசிவு வரத்தான் செய்யும். ரப்பருக்கு ஆயுள் அவ்வளவுதான். அப்படிக் கசியும்போது நம் பணம் எதற்குப் போக வேண்டும், எதற்குப் போகக் கூடாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் வண்டியில் முதலில் தெரிந்தது இதுதான்: காலையில் பார்த்தால் முன்பக்க இடது மூலை மட்டும் படுத்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் எழுந்துவிடும். நாளாக நாளாக எழுவதற்கு எடுக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. கடைசியில், சேலம் போய்த் திரும்பிய ஒரு வெயில் நாளில், மீட்டரில் சஸ்பென்ஷன் கோளாறு என்று எச்சரிக்கை வந்து பட்டன் வேலை செய்யவில்லை. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். பைகளுக்குக் காற்றேற்றும் கம்ப்ரஸர் சூடேறி நிறுத்தப்பட்டது என்று எரர் கோடு வந்தது. கையில் கொடுத்த எஸ்டிமேட்டில் முதல் வரியே புது கம்ப்ரஸர். கசிவு என்ற பேச்சே அதில் இல்லை.

கோடு சொன்னது உண்மைதான். கம்ப்ரஸர் ஏன் அப்படிச் சூடேறியது என்பதைத்தான் அது சொல்லாது. ஆம்னி பஸ்களுக்கு வேலை பார்க்கும் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் கேட்டேன். பஸ்ஸில் இந்தப் பையைப் பெல்லோ என்பார்கள், அதைக் கழற்றி மாட்டியே தலை நரைத்தவர் அவர். "தம்பி, கம்ப்ரஸர் ஓடி ஓடி ஓஞ்சு போயிருக்குதுங்க. காத்து எங்க போகுதுன்னு பாக்காம புதுசு போட்டா, அதுவும் ஓஞ்சுதான் போகும்" என்றார்.

பஸ்ஸில் கம்ப்ரஸரை எஞ்சினே சுற்றுகிறது. வண்டி ஓடும் நேரமெல்லாம் காற்று வந்துகொண்டே இருக்கும், சின்னக் கசிவை அது ஈடுகட்டிவிடும். காரில் இருப்பதோ பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார், எண்ணெய் இல்லாமல் டெஃப்லான் ரிங்கோடு ஓடும் ஒரே ஒரு பிஸ்டன். சிறிது நேரம் ஓடி ஓய்வெடுக்க மட்டுமே செய்யப்பட்டது. கசிவு இருந்தால் ஓய்வு கிடைக்காது. ரிங் தேயும், சூடு ஏறும், கண்ட்ரோல் யூனிட் அதை நிறுத்திவைக்கும்.

இதைவிட மோசமான இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். கம்ப்ரஸரோடு ஈரத்தை உறிஞ்சும் டிரையர் ஒன்று இருக்கிறது. உள்ளே போகும் காற்றின் ஈரத்தை அது பிடித்து வைக்கும். வண்டியைத் தாழ்த்தும்போது காய்ந்த காற்று அதே டிரையர் வழியாக வெளியேறி, பிடித்துவைத்த ஈரத்தையும் கொண்டுபோய்விடும். கசிவு உள்ள வண்டியில் காற்று பை வழியாகவே போய்விடுகிறது, டிரையர் பக்கம் திரும்பி வருவதே இல்லை. அதனால் டிரையர் ஈரத்தில் ஊறி, நாளடைவில் உள்ளே இருக்கும் மணிகள் பொடியாகும். அந்த வெள்ளைப் பொடி போய் அடைவது, ஒவ்வொரு பைக்கும் காற்றைத் திறந்து மூடும் வால்வுகள் இருக்கும் வால்வு பிளாக்கை. ஒரு பையில் தொடங்கிய கசிவு இப்படித்தான் மற்ற பாகங்களையும் கொல்கிறது.

சரி, கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வேண்டியது ஒரு அளவு டேப். சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தரைச் சரிவும் கணக்கைக் கெடுக்கும். நான்கு மூலையையும் எழுதிவைத்துவிட்டு சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. சில வண்டிகள் நிறுத்திய பிறகும் அவ்வப்போது விழித்து, தாழ்ந்த மூலைக்குச் சமமாக மற்ற மூலைகளையும் இறக்கிவிடும். காலையில் நான்கும் தாழ்ந்திருப்பதைப் பார்த்து எல்லாப் பையும் போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

இன்னொன்று, வெப்பம். மதியம் 35 டிகிரியில் நிறுத்திய வண்டி விடியற்காலை 22 டிகிரிக்கு வரும்போது, உள்ளே இருக்கும் காற்று நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கும். நான்கு மூலையும் ஒரே மாதிரி சில மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் கவலை வேண்டாம். ஒன்று மட்டும் தனியாகத் தாழ்ந்தால்தான் கசிவு.

என் வண்டியின் இடது மூலை சாதாரண உயரத்தில் நிறுத்தினால் தாழ்ந்தது, உயர்த்தி நிறுத்தினால் அப்படியே நின்றது. இது நல்ல துப்பு. பையின் ரப்பர் கீழே மடிந்து, வண்டி ஏறி இறங்க அந்த மடிப்பும் உருண்டுகொண்டே இருக்கும். வண்டி அதிகம் ஓடுவது சாதாரண உயரத்தில் என்பதால் விரிசல் அந்த மடிப்பில்தான் விழும். உயர்த்தினால் மடிப்பு இடம் மாறி விரிசல் மூடிக்கொள்ளும். எந்த உயரத்தில் தாழ்கிறது என்று பார்க்காமல், உயர்த்திய நிலையில் மட்டும் சோதித்துவிட்டுப் பை நன்றாக இருக்கிறது என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

அப்புறம் சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்து ஸ்பிரே பாட்டிலில் அடித்தால் போதும். ஸ்ட்ரட் (காற்றுப் பையும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த பாகம்) தலையில் டியூப் சேரும் ஃபிட்டிங், வால்வு பிளாக்கின் ஒவ்வொரு வாய், டியூப் போகும் வழி என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நம் ஊரில் எலி கடித்த நைலான் டியூப் கசிவதும் உண்டு. அப்படி இருந்தால் அதிர்ஷ்டம்தான்: கடித்த இடத்தை வெட்டிவிட்டு ஒரு ஜாயின்ட் போட்டால் வேலை முடிந்தது. வெட்டு நேராக இருக்க வேண்டும், சாய்வாக வெட்டினால் ஜாயின்டே கசியும். முன் ஸ்ட்ரட்டில் மடிப்பின் மேல் ஒரு தூசு உறை இருப்பதால் விரிசல் நேராகக் கண்ணில் படாது. உறையின் கீழ் விளிம்பில் அடித்தபோதுதான் எனக்கு நுரை பொங்கியது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காற்றில் மட்டும் நிற்கும் வண்டிக்குக் கீழே கையையோ தலையையோ விடாதீர்கள். பை எந்த நொடியும் இறங்கலாம். வண்டி தானாக உயரத்தை மாற்றாமலிருக்க ஜாக்கி மோடு போட்டு, சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் விரல் வைப்பதும் அதே ஆபத்துதான்.

நுரை வந்தாலும் எனக்குத் திருப்தி இல்லை, ஏனென்றால் அதே மூலைக்கான வால்வும் கசியலாம். பம்பும் கம்ப்ரஸரும் செய்யும் ஊர் என்பதால் கோவையில் நியூமேட்டிக் சாமான் கடைக்குப் பஞ்சமில்லை. டியூப் 4 மில்லியா 6 மில்லியா என்று அளந்துகொண்டு போய், அதற்கேற்ற ஃபிட்டிங், ஒரு பிரஷர் கேஜ், ஒரு டயர் வால்வு வாங்கி வந்தோம். ஸ்ட்ரட்டுக்குப் போகும் டியூபை வால்வு பிளாக்கிலிருந்து பிரித்து இந்தக் கேஜில் மாட்டி, லாரி டயருக்கு அடிக்கும் கம்ப்ரஸரில் காற்றேற்றினோம். இப்படிப்பட்ட வண்டியின் முன் ஸ்ட்ரட்டில் 6 முதல் 10 பார் வரை அழுத்தம் இருக்கும் என்பதால் சாதாரண கார் டயர் பம்ப் இதற்கு உதவாது. பிளாக்கோடு தொடர்பே இல்லாதபோதும் முள் இறங்கியது. இனிச் சந்தேகமில்லை, பைதான்.

பஞ்சர் ஒட்டுப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். உருண்டுகொண்டே இருக்கும் மடிப்பில் எந்த ஒட்டும் நிற்காது. டயருக்கு ஊற்றும் சீலன்ட் வால்வுகளை அடைத்துவிடும். சுருள் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடுவதும் ஒரு வழி. 1957-ல் வந்த கேடில்லாக் எல்டொராடோ புரோம் காரின் ஏர் சஸ்பென்ஷனையே கசிவு தாங்காமல் பலர் அப்படி மாற்றியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த வண்டியை வாங்கியதே காற்றுக்காகத்தான்.

புது ஒரிஜினல் ஸ்ட்ரட் ஒன்றே ஒரு லட்சத்தைத் தாண்டும். அதனால் பையை மட்டும் புதிதாகப் போட்டுச் சீரமைத்த ஸ்ட்ரட்டுகளை எடுத்தோம். இரண்டு பக்கமும் ஒரே வயசு ரப்பர் என்பதால் வலதையும் சேர்த்தே மாற்றினேன். மாட்டும்போது பெரும்பாலும் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு: காற்றே இல்லாத பையின் மேல் வண்டியின் எடையை இறக்கிவிடுவார்கள். மடிப்பு கோணலாகச் சிக்கிப் புதுப் பை அன்றே கெடும். சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஸ்கேனர் மூலம் காற்றேற்றிவிட்டு அப்புறம்தான் ஜாக்கியை இறக்க வேண்டும். கீழ் ஆர்ம் போல்ட்டுகளின் இறுதி முறுக்கு, வண்டி சாதாரண உயரத்தில் நிற்கும்போது கொடுக்க வேண்டியது. கடைசியாக உயர அளவீட்டை ஸ்கேனரில் சரிசெய்து, வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிட வேண்டும்.

சர்வீஸ் சென்டர் மாற்றச் சொன்ன கம்ப்ரஸருக்குப் புது பிஸ்டன் ரிங்கும் டிரையரும் மட்டும் போட்டோம். கம்ப்ரஸருக்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் ரிலேவையும் மாற்றினோம். விலை சொற்பம், ஆனால் அதன் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி எரிந்துவிடும். அதே கம்ப்ரஸர்தான் இன்றும் ஓடுகிறது. சில மாதம் கழித்துப் பின்பக்கம் இரண்டு மூலையும் மெதுவாகத் தாழத் தொடங்கியபோது குற்றவாளி வால்வு பிளாக். கழற்றினால் உள்ளே வெள்ளைப் பொடி. என் வண்டியில் அது பிரித்துச் செய்ய முடியாத வகை, முழுசாகவே மாற்ற வேண்டியிருந்தது. முன் கசிவை ஆரம்பத்திலேயே பிடித்திருந்தால் இந்தச் செலவு வந்திருக்காது என்பதே மெக்கானிக்கின் கணிப்பு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பழைய ஏர் சஸ்பென்ஷன் வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் போகும் முன்பே விற்பவர் ஸ்டார்ட் செய்து வண்டியை எழுப்பி வைத்திருப்பார். முந்தின இரவு நிறுத்தியபடியே, சாதாரண உயரத்தில், யாரும் தொடாமல் வைக்கச் சொல்லிவிட்டு விடிந்ததும் டேப்போடு போங்கள். அளந்த பிறகு ஸ்டார்ட் செய்து, மேலே ஏற்றி இறக்கி, கம்ப்ரஸர் சத்தம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கேளுங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால், இரண்டு ஸ்ட்ரட்டும் டிரையரும் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.