சேலத்திலிருந்து ஒரு குகைக் கோயில்: சின்னமலையா, மணப்பாடா?

எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த சின்னக் குழுவில், வருடத்துக்கு ஒருமுறை வேன் பிடித்துத் திருப்பயணம் போவது வழக்கம். வேளாங்கண்ணி, பூண்டி, வில்லியனூர் எல்லாம் போய் வந்தாயிற்று. இந்த வருடம் "குகைக்குள்ள இருக்கிற கோயிலுக்குப் போலாமே" என்று ஒரு அக்கா ஆரம்பித்து வைத்தார். பாதிப் பேர் சென்னைச் சின்னமலை என்றார்கள். மீதிப் பேர் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு என்றார்கள். இரண்டையும் பார்த்தவன் என்பதால் பேச்சு என் பக்கம் திரும்பியது. அங்கே அவசரமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

கெபிகளை, அதாவது மாதாவுக்காகக் குகை மாதிரி கட்டிய பீடங்களை, நான் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. 1858ல் பிரான்சின் லூர்து நகரில், மசபியேல் என்ற பாறைக் குடைவில், பெர்னதெத் என்ற 14 வயதுப் பெண்ணுக்கு மாதா 18 முறை காட்சி கொடுத்தார். அதன் சாயலில் கட்டிய கெபி இல்லாத பங்கை நம் பக்கம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கருங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டியது, நடுவில் மாதா சுரூபம், முன்னால் மெழுகுவர்த்தித் தட்டு. சாயங்காலம் செபமாலை சொல்ல அருமையான இடம். ஆனால் அதற்குள் யாரும் நுழைவதில்லை, வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வருகிறோம். லூர்து மாதாதான் வேண்டும் என்றால் வில்லியனூர் போதும். ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று நேர் ரோடு. காலையில் கிளம்பி, திருக்குளத்தில் கால் நனைத்து, ராத்திரிக்குள் வீடு வந்துவிடலாம்.

அக்கா கேட்டது உண்மையான குகை. சேலத்துக்காரர்களுக்கு அதற்கு ஏற்கெனவே ஒரு அளவுகோல் உண்டு. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, 5,326 அடி உயரத்தில் சேர்வராயன் கோயில். மே மாதத் திருவிழாவுக்கு எந்த மதத்துக்காரர் என்று பார்க்காமல் ஊரே மேலே போகும். குனிந்து உள்ளே போனால் இருட்டு, ஈரம், எண்ணெய் வாசனை, சேர்வராயனும் காவேரி அம்மனும். அதைச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டவர்களிடம் போய் சிமெண்டுக் குகையைக் காட்டி ஒப்பேற்ற முடியாது. சின்னமலையையும் மணப்பாட்டையும் நான் எடைபோடுவதும் அந்தக் கண்ணோடுதான்.

சின்னமலைக்குப் போவது சுலபம். சேலத்திலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயிலில் சுமார் 5 மணி நேரம். அங்கேயே கீழே இறங்கி, விமான நிலையம் போகும் நீல நிற வழித்தட மெட்ரோவில் ஏறினால் சின்னமலை என்ற பெயரிலேயே ஸ்டேஷன் வரும். நடுவில் மாறி ஏற வேண்டியதில்லை. வேனில் போனால் சுமார் 340 கிலோமீட்டர். வெளியூர் பஸ் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகிறது, அப்புறம் மாநகரப் பேருந்தில் தொங்க வேண்டும். அதனால் பஸ்ஸை நான் சொல்லமாட்டேன்.

கோயில் சைதாப்பேட்டையில், அடையாற்றை ஒட்டி இருக்கிறது. பெயர்தான் மலை, உண்மையில் ஒரு பாறை மேடு. போர்ச்சுக்கீசியர் 1551ல் இங்கே கட்டிய ஆரோக்கிய மாதா கோயிலோடு ஒட்டியபடியே குகையின் வாசல். தலையை மட்டும் சாய்த்தால் போதாது, இடுப்பையும் மடக்க வேண்டும். உள்ளே ஒரு சின்னப் பீடம். கிழக்குப் பக்கம் பாறையில் ஒரு துவாரம். விரட்டி வந்தவர்களிடமிருந்து தப்பிக்க, இயேசுவின் சீடரான புனித தோமையார் அந்தத் துவாரம் வழியாக வெளியேறிப் பரங்கிமலைக்குப் போனார் என்பது மரபு. பக்கத்திலேயே அவருடைய கை பதிந்த தடம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். வெளியே, கோயிலுக்குப் பின்னால், பாறையில் ஒரு ஊற்று. பிரசங்கம் கேட்க வந்த கூட்டத்தின் தாகத்தைத் தீர்க்க அவர் வரவழைத்தது என்று சொல்வார்கள்.

இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு மரபு என்று எங்கள் அன்பியத்து இளைஞர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தோமையார் கி.பி. 52ல் கேரளக் கரையில் இறங்கி, 72ல் பரங்கிமலையில் மறைசாட்சியாக இறந்தார் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த விசுவாசம். கல்வெட்டு வைத்து நிரூபிக்கிற சமாச்சாரம் இல்லை. கைக்குக் கிடைக்கிற சான்று அதற்கு வெகு காலம் கழித்துத்தான் வருகிறது. 1547ல் பரங்கிமலை உச்சியில் அடித்தளம் தோண்டியபோது பகலவி என்ற பழைய பாரசீக எழுத்துகள் சூழ்ந்த ஒரு கல் சிலுவை கிடைத்தது. 1558ல் பூசை நேரத்தில் அது இரத்தம் வியர்த்ததாகச் சொல்வார்கள், இன்றும் அந்த மலைக் கோயிலின் பீடத்தில் இருக்கிறது. போர்ச்சுக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி. சின்னமலையின் பலமும் இதுதான். குகையைப் பார்த்துவிட்டு மெட்ரோவிலேயே பரங்கிமலை, அங்கிருந்து சாந்தோமில் தோமையார் கல்லறை என்று மூன்றையும் ஒரே நாளில் கோத்துவிடலாம்.

பாறை விஷயத்தில் ஒரு சின்னத் தகவல், நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். கொல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை மேல் இருக்கும் கல்லை வைத்துத்தான் சார்னோக்கைட் என்ற பாறைக்குப் பெயர் வந்தது. பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்துப் பாறை அந்த வகை. சேர்வராயன் மலையும் அதே வகைதான். ஏற்காட்டுக்காரர் பரங்கிமலை ஏறினால் கால் வைப்பது சொந்தக்காரக் கல்லில்.

சரி, குறை என்ன? சின்னமலைக் குகைக்குள் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் முட்டி போட்டு ஒரு பரலோக மந்திரம் முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர் "முடிஞ்சுதா தம்பி?" என்கிறார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குப் பின்னால் இருபது பேர். வெளியே வந்தால் அண்ணா சாலையின் ஹாரன். குகையில் இருந்தோம் என்ற எண்ணம் சைதாப்பேட்டைப் பாலம் தாண்டுவதற்குள் கலைந்துவிடும். வார நாளில், வேலைக்குப் போகிற கூட்டம் ஓய்ந்த பிறகு போனால் நிலைமை எவ்வளவோ மேல்.

மணப்பாடு எல்லா வகையிலும் இதற்கு நேர் எதிர். போய்ச் சேருவதே பெரிய வேலை, சேலத்திலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். மைசூரு - தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் சேலம் வழியாகப் போவதால் அதில் ராத்திரி ஏறிப் படுத்துவிடலாம். தூத்துக்குடியில் இறங்கித் திருச்செந்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து குலசேகரன்பட்டினம் வழியாக இன்னொரு பஸ். திருச்செந்தூரிலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டர். பஸ்ஸில் பாதிப் பேர் முருகனைப் பார்த்துவிட்டு மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இருப்பார்கள். திருச்செந்தூரிலேயே கடலோரப் பாறையில் வள்ளி குகை இருக்கிறது. வழியில் அதையும் எட்டிப் பார்த்துவிட்டு வருகிற கிறிஸ்தவர்கள் நிறைய உண்டு, நானும் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி.

ஊர் நுனியில், கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மணல் மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயில். 1540ல் புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசியக் கப்பலின் தலைவன், உயிர் பிழைத்தால் சிலுவை நடுவேன் என்று நேர்ந்துகொண்டு, முறிந்த பாய்மரத்தில் செய்த சிலுவையை இந்த மேட்டில் நட்டான் என்று சொல்வார்கள். இன்றைக்கு நிற்கும் கோயில் 1581ல் எழும்பியது. அதே மேட்டின் கடல் பக்கச் சரிவில்தான் சவேரியார் குகை.

இயேசு சபைக் குருவான புனித பிரான்சிஸ் சவேரியார் 1542ல் முத்துக்குளித்துறை என்ற இந்தக் கடற்கரைப் பகுதிக்கு வந்தார். அவர் மணப்பாட்டில் இருந்தது மரபு மட்டும் இல்லை. தோழர் மான்சிலாஸுக்கு 1544ல் இங்கிருந்து எழுதிய கடிதம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. செபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டியதை அவரே எழுதியிருக்கிறார். அந்த மனிதர் வெயில் தணியும்வரை இந்தக் குகையில்தான் உட்கார்ந்திருப்பார் என்று நினைப்பதற்குக் கற்பனை அதிகம் தேவையில்லை. குகையில் இருக்கிற கல்வெட்டு இன்னொன்றும் சொல்கிறது. முன்பு ஒரு சைவ சந்நியாசி தங்கியிருந்த குகை இது, பிறகு சவேரியாரின் செபத்தாலும் தவத்தாலும் புனிதமானது என்று. எனக்குப் பிடித்தது அந்த முதல் பாதியை மறைக்காமல் எழுதி வைத்த நேர்மை. தவம் பண்ண ஏற்ற இடம் என்று இரண்டு பேருக்குமே தோன்றியிருக்கிறது.

சின்னமலையின் கெட்டிப் பாறை இங்கே இல்லை, கடலும் காற்றும் அரித்த மணற்பாறை. ஆழமும் அதிகம் கிடையாது. சேர்வராயன் குகையின் இருட்டை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கலாம், ஏனென்றால் வெளிச்சமும் உப்புக்காற்றும் உள்ளேயே வருகின்றன. ஆனால் திருவிழா இல்லாத நாளில் உங்களை யாரும் எழுப்ப மாட்டார்கள். ஒரு முழுச் செபமாலை, ஐம்பத்து மூன்று மணியும், அவசரமே இல்லாமல் சொல்லி முடிக்கலாம். அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், அது ஹாரன் மாதிரி இடைஞ்சல் செய்வதில்லை. குகைக் கோயில் என்று தேடிப் போகிறவருக்கு வேண்டியது இந்த இருப்புதான் என்பது என் கட்சி. அந்தக் கணக்கில் மணப்பாடு ஒரு படி மேலே.

அன்பியத்தில் இன்னொருவர் பெத்லகேம் பற்றிப் பேசினார். இயேசு பிறந்த குகை, 14 முனை வெள்ளி நட்சத்திரம், குனிந்து நுழையும் தாழ்ந்த வாசல். ஜெருசலேம் பயணத்துக்குத் தமிழக அரசு நிதி உதவி கொடுப்பதும் உண்மை. இத்தாலியில் மோந்தே சாந்தாஞ்சலோ என்ற ஊரில் 86 படி கீழே இறங்கிப் போகிற மிக்கேல் அதிதூதர் குகைக் கோயிலும் இருக்கிறது. அதிதூதரே அர்ச்சித்த, அதாவது புனிதப்படுத்திய, இடம் என்பதால் மனிதக் கையால் அர்ச்சிக்கப்படாத கோயில் என்ற பெயர் அதற்கு. பாஸ்போர்ட் இருக்கிறவர்கள் தனியாகப் பேசிக்கொள்ளட்டும். வேனில் போகிற கூட்டத்துக்கு அது ஆகாது.

இப்போது யாரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் முட்டி வலிக்காரப் பெரியம்மாக்கள் அதிகம். சின்னமலையில் வண்டி கிட்டத்தட்ட வாசல்வரை போகும், கழிப்பறைக்கு அலைய வேண்டாம், பசித்தால் சைதாப்பேட்டையில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. குகைக்குள் குனிய முடியாதவர்கள் மேலே கோயிலிலேயே உட்கார்ந்து திருப்பலி பார்க்கலாம். மணப்பாட்டில் மணலும் ஏற்றமும் காலைப் பிடிக்கும். பதினொரு மணிக்கு மேல் அந்த மேட்டில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. ஊரில் தங்குவதற்கு வசதி குறைவு, திருச்செந்தூரிலேயே அறை எடுத்துக்கொள்வது நல்லது. சாப்பாட்டையும் அங்கேயே முடித்துவிட்டு வாருங்கள். திரும்பும்போது உடன்குடியில் இறங்கிக் கருப்பட்டி வாங்காமல் வந்தால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

எப்போது போவது என்பதும் மணப்பாட்டுக்கு முக்கியம். செப்டம்பர் 1 முதல் 14 வரை திருச்சிலுவைத் திருவிழா. விழாவைப் பார்க்க வேண்டும் என்றால் அப்போதுதான் போக வேண்டும், ஆனால் குகையில் அமைதி என்று நான் மேலே சொன்னது அத்தனையும் அந்த இரண்டு வாரம் செல்லாது. அதை அடுத்துக் குலசேகரன்பட்டினம் தசரா வந்துவிடும், பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. ஏப்ரல், மே வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி சரியான காலம். சின்னமலைக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, மழை கொட்டுகிற நவம்பரைத் தவிர்த்தால் எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

கடைசியில் அன்பியம் எடுத்த முடிவு: வேன் சின்னமலைக்கு. பெரியவர்கள் எல்லாரும் வருகிற பயணத்துக்கு அதுதான் பொருத்தம் என்று நானும் கை தூக்கினேன். மணப்பாட்டுக்கு இளைஞர்களும் நடக்கத் தெம்பு இருக்கிறவர்களும் பொங்கல் கழிந்து ரயிலில் போகிறோம். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது, பொங்கல் நெரிசலில் தூத்துக்குடி வண்டிக்கு இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. வருகிறவர்கள் நவம்பர் நடுவிலேயே பெயரும் பணமும் கொடுத்துவிட்டால் நல்லது.