ராம்நாடுல நடந்த டிரஸ்ட் ட்ரெய்னிங், 1500 ரூபாய்க்கு தேறுமா?

போன மாசம் ராமநாதபுரத்துல ஒரு லாட்ஜ் ஹால்ல ரெண்டு நாள் ட்ரெய்னிங் போயிட்டு வந்தேன், தொண்டு நிறுவனம் நடத்துறவங்களுக்கு ரிஸ்க் மேனேஜ்மெண்ட்டுன்னு நோட்டீஸ்ல போட்டிருந்துச்சு. ஆளுக்கு 1500 ரூபா, மதிய சாப்பாடு சேத்து. நாங்க பாம்பன் பக்கம் கடல் பாசி எடுக்குற பொம்பளைகளோட பிள்ளைகளுக்கு சாயங்கால டியூஷன் நடத்துற சின்ன டிரஸ்ட்டு. ரிஸ்க்குன்னா நமக்கு தெரியாததா, புயல் கூண்டு ஏத்துனா டியூஷன் லீவு, அவ்ளோதானேன்னு நெனச்சுட்டுதான் போனேன்.

மொத நாள் எடுத்தது மதுரைல இருந்து வந்த ஒரு மேடம். ஸ்லைடு கிலைடு ஒண்ணும் போடல. மைக்க புடிச்சதும் "உங்க டிரஸ்ட்டு பேங்க் ஓடிபி யாரு நம்பருக்கு வருது, சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. எனக்கு பக்குனு ஆயிருச்சு. எங்களுக்கு அது பழைய செக்ரட்டரி அண்ணன் நம்பருக்குத்தான் போகுது, அவரு துபாய் போயி ரெண்டு வருசம் ஆச்சு, நம்ம ஊரு சிம்ம அங்கயும் ரோமிங்ல போட்டு வெச்சிருக்காரு, வாடகை குடுக்கணும்னா கூட "அண்ணே ஒரு ஓடிபி"ன்னு வாட்ஸப் போட்டுட்டு உக்காந்திருப்போம், அவரு டியூட்டி முடிஞ்சு பாத்து அனுப்புறதுக்குள்ள அது காலாவதி ஆயிரும். இத சொன்னதும் ஹாலே சிரிச்சுச்சு. பக்கத்துல இருந்த தேவிபட்டினத்து அக்காதான் ரொம்ப சிரிச்சாங்க, அப்புறம் பாத்தா அவங்க பொருளாளரு மக பிரசவத்துக்கு சென்னை போறப்ப பத்து செக்குல வெறுமனே கையெழுத்து போட்டு குடுத்துட்டு போயிருக்காரு, அது இவங்க வீட்டு பீரோல சேலைக்கு அடியில கெடக்காம். மேடம் திட்டல. "யாரும் திருடுவாங்கன்னு சொல்லல, அவரு திடீர்னு படுத்துட்டா பேங்க்ல போயி என்ன சொல்லுவீங்க"ன்னு மட்டும் கேட்டாங்க. அக்கா சிரிப்ப நிறுத்திட்டாங்க.

இப்படியேதான் அன்னைக்கு பூரா போச்சு. 2000 ரூபாய்க்கு மேல நன்கொடைய ரொக்கமா வாங்கிட்டு 80ஜி ரசீது (நன்கொடைக்கு வருமான வரில சலுகை கேக்குற ரசீது) குடுத்தா, பணம் குடுத்தவருக்கு அந்த வரிச்சலுகை கெடைக்காது, நாளைக்கு அவரு நம்மகிட்டதான் சண்டைக்கு வருவாருன்னு சொன்னாங்க (நான் போன வருசம் ஒரு போட் ஓனருக்கு 5000த்துக்கு குடுத்திருக்கேன், சொல்லல). வருசத்துக்கு 20 ரூபா கட்டுனா 2 லட்சம் விபத்து காப்பீடு தர்ற பிரதம மந்திரி சுரக்ஷா திட்டத்துல வாலண்டியர் எத்தன பேர சேத்திருக்கீங்கன்னு கேட்டாங்க, ஹால்ல மூணு கைதான் தூக்குச்சு. தனுஷ்கோடிக்கு பிள்ளைகள கூட்டிட்டு போறப்ப யாரு தல எண்ணுறதுன்னு கேட்டப்ப நான் தலைய குனிஞ்சுட்டேன். நாங்க பஸ் ஏறுறப்ப எண்ணுவோம், தனுஷ்கோடி கடைசி முனையான அரிச்சல்முனைல இறங்குனதுக்கு அப்புறம் யாரும் எண்ணுனதில்ல, அங்க கடல் எப்படி இழுக்கும்னு தெரிஞ்ச ஊர்க்காரங்க நாங்க.

மீன்பிடி தடைக்காலத்த பத்தி அவங்க சொன்னதுதான் எனக்கு நல்லா ஒறச்சுச்சு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாளு, விசைப்படகு போகாது, கையில காசு ஓடாது, நமக்கு நன்கொடையும் வராது. இது தேதி போட்டு வர்ற கஷ்டம். இதுக்கே நாங்க ஒரு பைசா எடுத்து வெச்சதில்ல, மே மாசம் ஆனா டீச்சருக்கு சம்பளம் பாதிதான்.

ரெண்டாவது நாள் வேற ஆளு, கோட்டு போட்ட சாரு. ஒரு அட்டவணை, செவப்பு மஞ்சள் பச்சைன்னு கட்டம், நடக்க எவ்ளோ வாய்ப்பு, நடந்தா எவ்ளோ அடின்னு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போட்டு பெருக்கணும். முறைய தப்பு சொல்ல மாட்டேன், ஆனா உதாரணம் பூரா ஃபேக்டரி. தொண்டில இருந்து வந்த ஒரு பெரியவரு "சார், கச்சான் காத்து எந்திரிச்சா வல்லத்த எறக்க மாட்டோம், பெருக்கி பாத்துக்கிட்டா இருப்போம்"னு கேட்டாரு (வல்லம்னா நாட்டுப் படகு), சாரு சிரிச்சுட்டு அடுத்த ஸ்லைடுக்கு போயிட்டாரு. வெளிநாட்டு நிதி சட்டத்த பத்து நிமிசத்துல முடிச்சாரு, அதுதான் எனக்கு கோவம். 2020ல சட்டத்த திருத்துனதுல இருந்து வெளிநாட்டு பணம் வாங்குற அமைப்பு அத இன்னொரு அமைப்புக்கு கை மாத்த முடியாது, அலுவலக செலவு வரம்பும் 50 சதவீதத்துல இருந்து 20க்கு எறங்கிருச்சு. எங்களுக்கு முக்காவாசி பணம் அப்படி ஒரு பெரிய அமைப்பு மூலமா வந்துட்டிருந்ததுதான், ஒரே லெட்டர்ல நின்னு போச்சு. ஒரே கைய நம்பி இருந்தா என்ன ஆகும்னு பேச அதவிட நல்ல கதை கெடைக்குமா? டிரஸ்ட்டுக்கு வருமான வரி விலக்கு வாங்குற 12ஏ பதிவு எல்லாருக்கும் அஞ்சு வருசம்னு ஸ்லைடுல போட்டிருந்தாரு, சின்ன டிரஸ்ட்டுகளுக்கு 10 வருசம்னு 2025 பட்ஜெட்டுல மாத்துனது அவருக்கு எட்டல போல.

நடுவுல கரண்ட் போயி முக்கா மணி நேரம் விசிறிக்கிட்டு உக்காந்திருந்தோம், ஜெனரேட்டர்ல டீசல் இல்லையாம். சாப்பாடு நல்லா இருந்துச்சு, ரெண்டாவது நாள் நகரை மீன் கொழம்பு ரெண்டு தடவ வாங்குனேன்.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன், அந்த மூணும் மேடத்துக்கு. வந்ததும் பேங்குக்கு மூணு நடை நடந்து ஓடிபி நம்பர மாத்திட்டோம், இன்கம்டாக்ஸ் சைட்டுக்கு இன்னும் துபாய் அண்ணன்தான். மொத நாள மட்டும் தனியா 800 ரூபாய்க்கு வெச்சாங்கன்னா எங்க பொருளாளரையும் இழுத்துட்டு திரும்ப போவேன்.