அதட்டும் மேனேஜரா, கேட்டு நடத்தும் மேனேஜரா? அரிசி ஆலையின் பணம் யாரிடம் தங்கும்

திருவாரூர், மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் அரிசி ஆலை நடத்துபவர்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களும் மேனேஜர் தேடும்போது, பட்டியல் கடைசியில் இரண்டு பேரில் வந்து நிற்கும். ஒருவர் விரட்டி வேலை வாங்குபவர். இலக்கை அவரே வைப்பார், கேள்வி கேட்டால் பிடிக்காது. இன்னொருவர் கொள்முதல், ஆலை, கணக்கு, விற்பனை நாலையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேட்டுவிட்டு முடிவெடுப்பவர். நாங்கள் இரண்டாமவரை எடுத்தோம். இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

நேர்மை, தொழில் அறிவு, சம்பளம் எல்லாம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு எல்லாவற்றையும் ஃபோர்மேனிடம் விட்டுவிடும் மூன்றாவது வகையும் உண்டு. அதை ஒப்பீட்டில் சேர்க்கவே தேவையில்லை.

அதட்டுபவருக்கு உரிய நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதும் ஐப்பசியில் அவர்தான் கெட்டிக்காரர். ஈர நெல்லைக் குவியலாக விட்டால் உள்ளே சூடேறி, ஓரிரு நாளிலேயே அரிசி பழுப்படிக்கத் தொடங்கும். எந்த லோடு முதலில் டிரையருக்குப் போக வேண்டும், எந்த லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதற்குக் கூட்டம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. உத்தரவு போட ஒரு ஆள் வேண்டும். புதிய ஊரில் சந்தை பிடிப்பதிலும் அவர் வேகம் கண்கூடாகத் தெரியும்.

ஆனால் ஆலை நிற்பதும் விழுவதும் அந்தப் பத்துப் பதினைந்து நாளில் இல்லை. விற்ற அரிசிக்குப் பணம் எத்தனை நாளில் திரும்புகிறது என்பதில் இருக்கிறது. அந்த நாள் கணக்கை மேனேஜரின் குணம் நேரடியாக மாற்றுகிறது. எங்கள் தேர்வு முழுக்க இந்த ஒன்றை வைத்துத்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஆண்டு விற்பனை 12 கோடி, சராசரியாக 30 நாளில் பணம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே நிற்கும் பாக்கி சுமார் 98.6 லட்சம். விரட்டும் மேனேஜர் வந்து விற்பனையை 20 சதவீதம் ஏற்றி 14.4 கோடி ஆக்குகிறார். அதற்காக வியாபாரிகளுக்குத் தவணை தாராளமாகி, 30 நாள் 55 நாளாகிறது. இப்போது பாக்கி 217 லட்சம். கூடுதலாக மாட்டிக்கொண்ட 118 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 13 லட்சம். நெல் விலை, கூலி, மின்சாரம், வாடகை போக 100 ரூபாய் விற்பனைக்கு 5 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், கூடுதல் 2.4 கோடி விற்பனை தருவது 12 லட்சம். விற்பனை ஏறியும் ஒரு லட்சம் நஷ்டம். இதற்குமேல் ஒரே ஒரு வியாபாரி 12 லட்சத்தைக் கொடுக்காமல் போனால், அந்தப் பணத்தை மீட்க இன்னொரு 2.4 கோடிக்கு அரிசி விற்க வேண்டும்.

வட்டியாவது கணக்கில் தெரிகிறது. அதைவிடப் பெரிய அடி தை, மாசியில் விழும். சரக்கையும் பாக்கியையும் ஈடாக வைத்து வங்கி தரும் கேஷ் கிரெடிட் கடன் கணக்கில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை வங்கி மாதாமாதம் இருப்பு, பாக்கிப் பட்டியலை வைத்தே கணக்கிடும். 90 நாளைத் தாண்டிய பாக்கியைப் பொதுவாக அது சேர்த்துக்கொள்வதில்லை. புரட்டாசியில் தாராளமாகக் கடன் கொடுத்த அரிசி, சம்பா அறுவடை தொடங்கும் நேரத்தில் சரியாக 90 நாளைத் தாண்டி நிற்கும். நெல் களத்தில் மலிந்து கிடக்கும், வாங்கக் கடன் வரம்பு இருக்காது. விவசாயி காத்திருக்கமாட்டார். பக்கத்து ஆலைக்கோ நேரடி கொள்முதல் நிலையத்துக்கோ போய்விடுவார். அந்த ஆண்டின் மலிவான நெல் அதோடு போயிற்று.

கேட்டு நடத்துபவரிடமும் பாக்கி நிற்கும். ஆனால் நாற்பதாவது நாளிலேயே கணக்காளர் அதை மேசையில் வைத்துவிடுவார், ஏனென்றால் வைப்பதால் அவருக்குத் திட்டு விழாது. அதட்டுபவரிடம் அதே கணக்காளர் “அடுத்த வாரம் வந்துடும் சார்” என்று சொல்லியே இரண்டு மாதம் தள்ளுவார்.

எடை மேடையில் இதை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். “இன்னிக்கு 100 டன் இறங்கியாகணும், 17-க்கு மேல ஈரம் எடுக்காதே” என்று உத்தரவு. வந்த நெல்லில் ஈரமானி 20 சதவீதம் காட்டுகிறது. திருப்பி அனுப்பினால் டன் குறையும், எடுத்தால் ஈரம் கூடும், இரண்டுக்கும் திட்டு. எடை மேடை ஆள் நெல்லை எடுத்துக்கொண்டு நோட்டில் 17 என்று எழுதுவார். 14 சதவீதத்துக்குக் காயவைத்தால், 17-ல் வாங்கிய 100 டன் 96.5 டன்னாக நிற்கும். 20-ல் வாங்கியது 93 டன்னாகத்தான் நிற்கும். குவிண்டால் 2,400 ரூபாய் என்றால் காணாமல் போன மூன்றரை டன் சுமார் 84 ஆயிரம் ரூபாய். அது திருட்டாகப் பதிவாகாது. அரவைக் கழிவு என்ற தலைப்பில் கரைந்துவிடும்.

உமி நீக்கும் ரப்பர் ரோலரிலும் இதே கதைதான். வேகமாகச் சுழலும் ரோலர் முதலில் தேயும் என்பதால் இரண்டையும் இடம் மாற்றிப் போட வேண்டும், தேய்ந்ததும் புதிது போட வேண்டும். செலவைச் சொன்னாலே கத்துகிற இடத்தில் ஆபரேட்டர் புதிது கேட்கமாட்டார், அழுத்தத்தைக் கூட்டி ஓட்டுவார். நொய் கூடும். நொய் விலைக்கும் முழு அரிசி விலைக்கும் உள்ள வித்தியாசம் ரோலர் விலையை எப்போதோ தாண்டிவிடும்.

இது டெல்டாவுக்கு மட்டும் உரிய விஷயமல்ல. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் 1,114 தலைமை நிர்வாகிகளின் நேரம் எங்கே போகிறது என்று பதிவு செய்த ஆய்வு 2020-ல் வெளியானது. பல துறையினரைச் சேர்த்துவைத்துப் பேசுபவர்களின் நிறுவனங்களில் உற்பத்தித் திறனும் லாபமும் கூடுதலாக இருந்தன. பலன் பொறுப்பேற்ற உடனே தெரியவில்லை, சில ஆண்டு பிடித்தது. அந்த ஆய்வு அதட்டலை அளக்கவில்லை, சேர்த்துவைத்துப் பேசும் பாணி பெரிய நிறுவனங்களில்தான் அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். இருபது பேர் வேலை செய்யும் ஆலையில் மேனேஜர் எடை மேடைக்கும் பாய்லருக்கும் நடந்தே ஆக வேண்டும்.

தன் கணிப்பில் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்கும் நிர்வாகிகளைப் பற்றி உல்ரிக்க மால்மெண்டியரும் ஜெஃப்ரி டேட்டும் 2005-ல் காட்டியது நம் ஊருக்கு இன்னும் நெருக்கம்: கையில் பணம் புரண்டால் இவர்கள் முதலீட்டை ஏற்றிவிடுவார்கள். நல்ல சம்பா ஆண்டு முடிந்ததும் நெல் வாங்க வைத்த பணத்தில் நிறம் மாறிய அரிசியைப் பிரிக்கும் சார்டெக்ஸ் இயந்திரம் இரண்டாவதாக வாங்குவது இதே வகை.

வங்கிகளிலும் கொடுத்தது திரும்புமா என்பதே கேள்வி. 1904-ல் கும்பகோணத்தில் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி இன்றும் அங்கிருந்தே நடக்கிறது. 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி பெரிய நிறுவனக் கடன்களில் இறங்கி, வராக்கடன் பெருகி, 2020 நவம்பர் 27-ல் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. ஒரு தலைவரின் குணத்தால் மட்டும் அது நடந்தது என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் கடனை வேகமாக வளர்க்கும் முடிவு மேலிருந்துதான் வருகிறது.

ஆளைச் சோதிக்க எங்களுக்குப் பயன்பட்ட கேள்வி: “போன இடத்தில் வராத பெரிய பாக்கி எது, உங்களுக்கு எத்தனையாவது நாளில் தெரிந்தது, யார் சொன்னார்?” விரட்டுபவர் வியாபாரியைத் திட்டுவார். மற்றவர் தேதியும் ஆளும் சொல்வார்.

ஏற்கெனவே விரட்டுபவரைத்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் உடனே மாற்ற வேண்டியதில்லை. ஊக்கத்தொகையை பில் போட்ட தொகைக்குக் கொடுக்காமல் வங்கியில் வந்து சேர்ந்த தொகைக்குக் கொடுங்கள். 45 நாள் தாண்டிய வியாபாரிக்குப் புது லோடு போக வேண்டுமென்றால் இரண்டு கையெழுத்து வேண்டும் என்று வையுங்கள். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்த ஆலை என்றால் பில்லில் அந்தப் பதிவு எண்ணை (உத்யம் எண்) அச்சிடுங்கள். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாள், அதுவும் அதிகபட்சம் 45 நாள்; இல்லாவிட்டால் 15 நாள்தான் சட்டப்படி கெடு. அதைத் தாண்டினால் வருமான வரிச் சட்டப்படி வாங்கியவர் அந்த ஆண்டில் கட்டாத தொகையைச் செலவாகக் காட்ட முடியாது. வியாபாரிகளின் ஆடிட்டர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு ஒன்று கூடுதல். இப்படி 10,000 நிறுவனங்களை உருவாக்க 2020-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுக்கு 18 லட்சம் வரை உதவி அறிவிக்கப்பட்டது. அதில் சேர்ந்த நிறுவனத்தில் நான்காம் ஆண்டிலிருந்து மேனேஜர் சம்பளம் வியாபாரத்திலிருந்தே வர வேண்டும். அதனால் இரண்டாம் ஆண்டு மார்கழியிலேயே பாக்கியை 30, 60, 90 நாள் என்று பிரித்து, உறுப்பினர் கூட்டத்தில் மேனேஜரையே வாசிக்கச் சொல்லுங்கள்.